இலையின் நுனி எந்தப் பக்கம்?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, உங்கள் டீச்சர் பெற்றோர்களையும் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிவிட்டார். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லப்போகிற விஷயத்தை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

பிரான்சுக்கு வந்த புதிதில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு முதல் நாள் வேலை. பன்னிரண்டு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், வருகிறவர் போகிறவர் எல்லாரும் என்னைப் பார்த்து "போன் அப்பெத்தி" என்றார்கள். நன்றாகச் சாப்பிடு என்று வாழ்த்துகிறார்களாம். பரீட்சைக்குப் போகிறவனுக்குச் சொல்வதுபோல இருந்தது எனக்கு. நம் புதுச்சேரியில் ஒருத்தர் சாப்பிடும்போது அடுத்தவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கேட்பதெல்லாம் பிறகுதான், "சாப்டாச்சா?" என்று. கடைசியாக ழெரார் என்கிற பெரியவர் வந்து அதே வாழ்த்தைச் சொன்னார். பதிலுக்கு என்ன சொல்வது? நம் வழக்கப்படி பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தி, "நீங்களும் சாப்பிடுங்கள்" என்றேன். இதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு: "இருக்கட்டும், நீங்க சாப்புடுங்க." ழெராருக்கு அது தெரியாது. "மெர்ஸி!" என்று நன்றி சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாக்ஸில் இருந்த ஒரே வஞ்சிரத் துண்டை முள்கரண்டியால் குத்தி எடுத்து, ரசித்து ரசித்து முடித்துவிட்டார். அன்று நான் வெறும் குழம்புச் சோறு. மறுநாள் அவர் நன்றியோடு ஒரு சீஸ் துண்டு கொண்டுவந்தார். அதன் வாசனையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

அன்றிலிருந்து நான் மற்றவர்கள் சாப்பிடுவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். சினிமா பார்ப்பதுபோல இருந்தது. முள்கரண்டி இடது கையில், கத்தி வலது கையில். கொஞ்சம் பேச வேண்டுமானால் இரண்டையும் தட்டில் விரித்து வைக்கிறார்கள். முடிந்துவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கிறார்கள். வாயே திறக்காமல் தட்டு பேசிவிடுகிறது! நம் இலையும் இதே மாதிரி பேசுகிறதுதானே என்று எனக்கு ஒரே குஷி. சாப்பிட்டு இலையை நம் பக்கமாக மடித்தால் சாப்பாடு நன்றாக இருந்தது, மறுபடியும் வருவேன் என்று அர்த்தம். இதை ழெராரிடம் சொன்னேன். "உங்கள் ஊரில் தட்டையே மடிப்பீர்களா?" என்று கேட்டார்.

குஷி வீட்டில் நீடிக்கவில்லை. என் மகள் நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய தோழி லூசி ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது லூசி தன் சாப்பாட்டை விட்டுவிட்டு என் விரல்களையே பார்த்தாள். அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மீன்தொட்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். நித்யா என் காதருகே வந்து, "அப்பா, இன்னிக்கு மட்டும் ஃபூர்ஷெத்ல சாப்புடேன், ப்ளீஸ்" என்றாள். ஃபூர்ஷெத் என்றால் முள்கரண்டி, உங்களுக்குத்தான் தெரியுமே. எழுந்து கை கழுவிவிட்டு வந்து முள்கரண்டியை எடுத்தேன். இன்றைக்கு மட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் எதிரில் நான் கையால் சாப்பிடவே இல்லை. அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் நம்மைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்பது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அடுத்த ஜூலை லீவில் நித்யாவும் நானும் புதுச்சேரி போனோம். அவள் அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. உழவர்கரையில் என் அக்கா மல்லிகா வீட்டில் தங்கினோம். அக்காவின் குரல் தெருக்கோடி வரை கேட்கும். வந்த முதல் நாளே நித்யாவை உட்கார வைத்து இலை போடச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். "நுனி உன் எடது கைப்பக்கம் வரணும் கண்ணு. சோறு உன் கிட்ட, பொரியல் தொவையல்லாம் எதிர்ல. நுனிய சோத்தாங்கைப் பக்கம் போட்டுடாத, அது செத்தவங்களுக்குப் படைக்கிற எல." நித்யா ஒரு பாடம்போல அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் சாப்பிடும்போது பெட்டியிலிருந்து தன் முள்கரண்டியை எடுத்துவந்து இலையில் குத்திக் குத்திச் சாப்பிட்டாள். இலை கிழிந்து ரசம் தரையில் ஓடியது. "உன் பொண்ணு எலயத் தைக்கறாடா" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போதுதான் கதைக்கு வருகிறேன். பெரிய மார்க்கெட்டில் அக்காவோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு பிரெஞ்சு அம்மாள் வாழை இலைக்காரியிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், வெயிலில் மூக்கெல்லாம் சிவந்திருந்தது. நான் பிரெஞ்சில் உதவப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெயர் ஒதீல். அவர் ஒரு கலைஞர். படமும் வரைவதில்லை, பாட்டும் பாடுவதில்லை. கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பழைய வீட்டின் கூடத்தை எடுத்திருந்தார். தினம் மதியம் ஒரு மணிக்கு ஊர்க்காரர் ஒருத்தர் அங்கே வந்து தன் தினச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், எதிரே முப்பது பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதற்கு பெர்ஃபோர்மான்ஸ் என்று பெயராம். முந்தின நாள் ஓர் ஆட்டோக்காரர் நாலு இட்லியை ஆறே நிமிஷத்தில் முடித்துவிட்டு, "சவாரி இருக்குது" என்று எழுந்து போய்விட்டாராம். "எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!" என்று ஒதீல் கண் கலங்கினார். நாளைக்கு நீங்கள் வருவீர்களா என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பள்ளி நாடகத்தில்கூட நான் மேடை ஏறியதில்லை. எனக்கு நன்றாக வருகிற ஒரே கலை சாப்பிடுவதுதான், அதையும் ஒருத்தர் கேட்டு வந்துவிட்டார்! அக்காவிடம் மொழிபெயர்த்தேன்.

"இன்னாடா இது கூத்து? நீ சோறு துன்றத முப்பது பேரு பாக்கறதா?"

"ஆமாக்கா. கலையாம்."

"அப்போ தெனம் ஆக்கிப் போடறனே, நான் யாருடா?"

அதை ஒதீலிடம் சொன்னதும், நீங்களே வந்து சாப்பிடுங்களேன் என்று அவர் அக்காவைக் கும்பிட்டார். அக்கா முறைத்தாள். "எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் நான் சாப்புடுவேன். முப்பது பேர சும்மா உக்கார வெச்சிட்டு நான் மட்டும் முழுங்கறதா? இவனே சாப்புடட்டும், நான் ஆக்கிக் குடுக்கறேன்." தினம் வீட்டில் சாப்பிடுவது எவர்சில்வர் தட்டில். ஆனாலும் வெளி மனிதர்கள் முன்னால் தட்டா என்று இலைதான் வேண்டும் என்றாள். ஒதீல் ஒரு கட்டு நுனி இலையே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கே போய்ச் சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். ஒரு ஆளுக்குச் சமைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. குண்டான் குண்டானாக ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள். கிளம்புகிற நேரத்தில் நித்யா வந்து என் சட்டைப் பையில் எதையோ வைத்தாள். பேப்பர் நாப்கினில் சுற்றிய அவளுடைய முள்கரண்டி.

"அங்க பிரான்சுக்காரங்கல்லாம் வருவாங்கப்பா" என்றாள்.

"அவங்க பாக்க வர்றதே கையால சாப்புடறதத்தான்டா."

"தெரியும். இருந்தாலும் வச்சுக்கோ. ஒருவேள சிரிச்சாங்கன்னா."

சிரித்தால் எனக்காக அவளுக்கு வலிக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. ஷேர் ஆட்டோ வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே திரும்புகிற வரை யோசித்துக்கொண்டே போனேன். முப்பது பேர் கைதட்டினாலும் தட்டாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. நான் விரலை நக்கும்போது என் மகள் தலை குனியாமல் இருப்பாளா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மஞ்சள் சுவர் வீடு, உயரமான ஜன்னல்கள், சிவப்புச் சிமெண்டுத் தரை. நடுவில் ஒரு பாய், எதிரே நாற்காலிகள். பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், பாதிப் பேர் நம்மவர்கள். முதல் வரிசையில் தொப்பி போட்ட ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒதீல் அக்காவிடமிருந்து பாத்திரங்களை வாங்கிக்கொண்டு, அவளைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். அக்கா கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். அதற்குள் ஒதீலே இலை போட்டுப் பரிமாறிவிட்டார். நான்கு நாள் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து இலை போடுகிற முறையைக் கற்றுக்கொண்டாராம். எனக்கு விதி மூன்று: பேசக் கூடாது, பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, தினம் சாப்பிடுவதுபோலச் சாப்பிட வேண்டும்.

சின்ன மணி ஒன்று அடித்தது. நான் போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். இலையின் நுனி என் வலது கைப்பக்கம் இருந்தது. பொரியலும் அப்பளமும் என் பக்கம், சோறு எதிர்ப்பக்கம். ஒதீல் கற்றுக்கொண்டதில் குறையே இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்று அவர்கள் பக்கத்திலிருந்து போட்டுவிட்டார்! அப்படி ஓர் இலையை நான் கடைசியாகப் பார்த்தது என் அப்பாவின் கருமாதியில்.

பேசக் கூடாது என்பது விதி. வலது கை மடியை விட்டு எழவே மாட்டேன் என்றது. முப்பது பேரும் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள். இலையைத் திருப்பலாம் என்றால் குழம்பு ஊற்றிய சோறு, திருப்பினால் எல்லாம் ஒன்றாகிவிடும். அப்போது பையில் முள்கரண்டி குத்தியது. முள்கரண்டியால் சாப்பிட்டால் அது நம் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராதே, நுனி எங்கே இருந்தால் என்ன? மகள் சொன்னதையும் கேட்டதாகிவிடும். நாப்கினைப் பிரித்து முள்கரண்டியை வெளியே எடுத்தேன். நாற்காலிகளில் யாரோ "அட" என்று ஏமாந்துபோனது காதில் விழுந்தது. தலை நிமிர்த்தி இரண்டாவது வரிசையில் இருந்த நித்யாவைப் பார்த்தேன். அவள் முள்கரண்டியைப் பார்க்கவில்லை. கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே நேரம் ஈரக்கையோடு அக்கா உள்ளே வந்தாள்.

"டேய்! தொடாதடா அந்த எலய!"

கூடமே அதிர்ந்தது. இதுவும் கலைதான் என்று நினைத்துப் பின்வரிசையில் ஒருத்தர் கைதட்டினார். ஒதீல் சுவரோடு சுவராக நின்றுவிட்டார். நித்யா எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து பாயருகே வந்தாள். ரகசியம்போலத்தான் சொன்னாள், எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, எல சரியாத்தான் இருக்கு. நீதான் தப்பான பக்கம் உக்காந்திருக்க. இந்தப் பக்கம் வா."

நான் அவளையே பார்த்தேன். பிறகு எழுந்து இலையைச் சுற்றிப் போய், எதிர்ப்பக்கம் வெறுந்தரையில் உட்கார்ந்தேன். இப்போது நுனி என் இடது கைப்பக்கம், சோறு என் கிட்டே. எல்லாம் சரி. ஒரே ஒரு குறை, காசு கொடுக்காமல் வந்தவர்களாக இருந்தாலும் பார்க்க வந்த முப்பது பேருக்கும் என் முதுகுதான் தெரிந்தது. நித்யா என் கையிலிருந்த முள்கரண்டியை வாங்கித் தன் கவுன் பையில் போட்டுக்கொண்டாள். போய் உட்காருவாள் என்று பார்த்தால், என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் சோற்றில் கை வைத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் எதிரில் வைத்தேன். சங்கரா மீன் குழம்பு விரலிடுக்கில் இறங்கியது. பிசைந்தேன், உருட்டினேன், கட்டை விரலால் தள்ளினேன். முள்ளை நாக்கால் பிரித்து ஓரத்தில் வைத்தேன். பிள்ளைகளே, அந்த ஒரு வாய்க்கு எத்தனை வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பின்னாலிருந்து சொல்தா தாத்தாவின் குரல் கேட்டது. "தம்பி, முதுகு நல்லாத்தான் சாப்புடுது. ஆனா வாய் தெரியலியே!" தடியை ஊன்றி எழுந்து, சுற்றிவந்து எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அவருக்கே சரியாகப் படவில்லை போலிருக்கிறது. "சாப்புடறவன் தலமேல நின்னு பாக்கறது மொற இல்ல" என்று முனகிக்கொண்டே காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒரு பிரெஞ்சு ஜோடி வந்து உட்கார்ந்தது. பிறகு நாலு பேர். பிறகு நாற்காலிகள் எல்லாம் தரையில் இழுபடுகிற சத்தம். ஐந்து நிமிஷத்தில் எனக்கு எதிரே தரையில் நீளமாக ஒரு வரிசை, அங்கே இடமில்லாதவர்கள் என் பக்கத்தில் இன்னொரு வரிசை.

என் அக்காவின் எதிரில் மனிதர்கள் வரிசையாகத் தரையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அது பந்தி. "எதிர்ல இத்தினி பேரு வெறும் வாயோட உக்காந்திருந்தா எந்தம்பிக்கு எப்படி எறங்கும்?" என்று இலைக்கட்டை அவிழ்த்தாள். "நித்யா, எந்திரிடி, எல போடு!"

நித்யா போட்டாள். எங்கள் வரிசையில் போடும்போது நுனி ஜன்னல் பக்கம் வந்தது. எதிர்வரிசைக்குப் போனதும் ஒரு வினாடி நின்று தன் இடது கையைப் பார்த்துக்கொண்டாள், பிறகு நுனியைக் கதவுப் பக்கம் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டும் சரிதானேப்பா?" என்றாள். ரெண்டும் சரிதான் என்று தலையாட்டினேன். எனக்கு வாய் நிறையச் சோறு.

குண்டான் ஆளுக்கு இரண்டு கரண்டி என்று வந்தது. ஒருத்தர் ரசத்தைப் பிடிக்கத் தெரியாமல் முழங்கை வரை வழியவிட்டார். சொல்தா தாத்தா அவருக்குச் சோற்றால் அணை கட்டப் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் நின்றது ஒதீல் மட்டும். முகம் சிவந்திருந்தது. இருபது நிமிஷத்துக்குத் திட்டம் போட்டது ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டதே. அக்கா அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். "நீயும் சாப்புடும்மா, வெயில்ல வதங்கிப்போயிட்ட." ஒதீல் முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு என்னிடம், "இது இனி என் படைப்பு இல்லை, உங்கள் அக்காவுடையது" என்றார். மொழிபெயர்த்தேன். "பின்ன? காலைலேர்ந்து வேல செஞ்சது யாராம்?" என்றாள் அக்கா.

நித்யாவும் கையால் சாப்பிட்டாள் என்று முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய்க்குப் பையிலிருந்து முள்கரண்டியை எடுத்துக்கொண்டாள். நான் விரலை நக்கினேன். அவள் எதிர்வரிசைப் பிரெஞ்சுக்காரர்களை நேராகப் பார்த்துக்கொண்டு, "என் அப்பா" என்று பிரெஞ்சில் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

போன மாதம் நித்யாவின் பதினொன்றாவது பிறந்தநாள். பாரிசில் நம் ஆட்கள் கடையில் வாழை இலை கிடைத்தது. எங்கள் மேசைக்கு ஒரே ஓர் இலைதான். அதை நாலாக வெட்டினோம், எங்கள் மூவருக்கும் விருந்தாளி லூசிக்கும். நாலு துண்டில் ஒன்றில்தானே நுனி இருக்கும்? நித்யா அதை லூசியின் முன்னால் போட்டு, நுனியை இடது கைப்பக்கம் திருப்பி வைத்தாள். ஏன் என்று லூசி கேட்டாள், நித்யா பிரெஞ்சில் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தாள். நான் என் துண்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டிய நடுத்துண்டு. எது இடம், எது வலம் என்று அதற்கே தெரியாது. இப்படிப் போட்டாலும் ஒன்றுதான், அப்படிப் போட்டாலும் ஒன்றுதான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தப்பு என்று சொல்ல ஆளில்லை, சரி என்று சொல்லவும் ஆளில்லை.

நித்யா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். மேசை டிராயரைத் திறந்து முள்கரண்டி ஒன்றை எடுத்து, என் இலைத்துண்டின் இடப்பக்கம் பளபளவென்று வைத்தாள்.

"இதான் நுனின்னு வச்சுக்கோப்பா."

லூசி "போன் அப்பெத்தி" என்றாள். "வாங்க, சாப்பிடலாம்" என்றேன் நான். வலது கையால் சோற்றைப் பிசைந்தேன். முள்கரண்டி கடைசிவரை அங்கேயே கிடந்தது, ஒரு பருக்கைகூட ஒட்டாமல்.